தேறும் வரை

முதல் தவறு, வாளி.
பெயின்ட் வாளியை நன்றாகத்தான் கழுவினேன்,
ஆனாலும் அக்டோபரின் முதல் சாறு
சுவருக்கு அடிக்கிற வெள்ளையாக மணத்தது.
பிளம் மரத்தடியில் கொட்டினேன்.
மரம் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாவது தவறு, அவசரம்.
அதற்குப் பிறகு வருகிறேன்.

ஹியர்ஃபோர்டுஷயரில் வாடகைக்கு எடுத்த வீட்டோடு
மூன்று ஆப்பிள் மரங்கள் இலவசம்.
கடித்தால் நாக்கு சுருண்டுகொள்ளும்,
பன்றிகூட யோசித்துத்தான் தின்னும்.
குளவிகள் மட்டும் காலையிலேயே வந்து
மாலையில் நடக்க முடியாமல் புல்லில் கிடந்தன.
"இதுகளுக்குத் தெரிந்தது நமக்குத் தெரியலையே, ஹெஸ்டர்"
என்றான் ரோட்ரி.
அப்படித்தான் ஆரம்பித்தது.

வேலிக் கட்டையால் இடித்து
தலையணை உறையில் பிழிந்தோம்.
கண்ணெதிரே சாறு பழுப்பேறியது.
கெடுவதற்கும் பக்குவப்படுவதற்கும் நடுவே
ஒரு விரல் இடைவெளி;
எந்த விரல் என்று புத்தகத்தில் போட்டிருக்கவில்லை.

தேன், மெல்வின் ஸ்கடமோர் கொடுத்தது.
உறைந்து, கரண்டியை வளைக்கிற தேன்.
ஒன்றரை கிலோ, வெதுவெதுப்பான தண்ணீர்,
ஒரு கைப்பிடி உலர்திராட்சை, ஒரு பொட்டலம் ஈஸ்ட்.
கண்ணாடிக் குடுவையின் கழுத்தில் வளைந்த குழாய்.
இரண்டு நாள் மௌனம்.
மூன்றாம் இரவு: ப்ளுக்.
நெடுநேரம் கழித்து இன்னொன்று.
விடியும்போது அதற்கு வாய் ஓயவில்லை.

நவம்பரில் சைடரைப் புட்டியில் அடைத்தேன்.
திரவமானி ஆயிரத்துப் பதினான்கு காட்டியது.
இன்னும் சர்க்கரை இருக்கிறது, பொறு என்று பொருள்.
நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்.
காத்திருப்பதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள்;
வீட்டிலும் அதையே செய்ய முடியாது.
இருபத்து மூன்று புட்டிகள்,
மாடிப்படிக்குக் கீழே அலமாரியில்.

பிப்ரவரியில் பேச்சை நிறுத்தினோம்.
காரணம் கேஸ் பில்.
நான் ஹீட்டரைப் பதினாறுக்கு இறக்குவேன்,
அவன் இருபத்திரண்டுக்கு ஏற்றுவான்.
பதினோரு நாள்
அந்த வீட்டில் பேசியது தேன் குடுவை மட்டும்,
அதுவும் நிமிஷத்துக்கு ஒரு சொல்.

சுடுநீர்க் குழாய் அந்த அலமாரி வழியாகப் போவது
இருவருக்கும் தெரியும். இருவரும் நினைக்கவில்லை.
குளிரில் சுருண்டு கிடந்த ஈஸ்ட்
சண்டையில் யார் பக்கம் நியாயம்
என்று கேட்டுவிட்டா விழிக்கும்?

அதிகாலை மூன்று பத்து.
முதல் வெடியைத் துப்பாக்கி என்று நினைத்தேன்.
இரண்டாவதில் என் மழைக்கோட்டின் கை கிழிந்தது,
நல்லவேளை, நான் அதற்குள் இல்லை.
அவன் குப்பைத்தொட்டி மூடியைக் கேடயமாகப் பிடித்தான்,
நான் நீச்சல் கண்ணாடி மாட்டிக்கொண்டேன்.
மிஞ்சியவற்றை ஒவ்வொன்றாகத் துண்டில் சுற்றி,
தூங்கும் குழந்தையைத் தூக்குவதுபோல்
உறைபனிப் புல்லுக்குக் கொண்டுபோனோம்.

"கண்ணை மூடிக்கோ."
பதினோரு நாளில் முதல் பேச்சு.
மூடினேன்.
திறந்தபோது நுரை துணிக்கொடிவரை எழுந்து
அவன் தலைமேல் இறங்கிக்கொண்டிருந்தது.

புட்டிக்கு இரண்டு அங்குலம் மிஞ்சியது.
வெறுங்காலோடு நின்று குடித்தோம்.
"நனைந்த நாய்," என்றான் ரோட்ரி,
அடுத்த புட்டிக்குக் கை நீட்டினான்.

ஹீட்டர் இப்போது பதினெட்டில் இருக்கிறது.
யார் வைத்தது என்று யாரும் கேட்கவில்லை.

தேனை மறந்தே போயிருந்தோம்.
ஜூனில், வேக்யூம் கிளீனரைத் தேடியபோது,
அதன் பின்னால், சத்தமே இல்லாமல் அது.
வண்டல் அடியில் படிந்து, மேலே வைக்கோல் நிறம்.
விதைப் பொட்டலம் ஒன்றைக் குடுவைக்குப் பின்னால் பிடித்தேன்:
வரிசைக்கு வரிசை முப்பது சென்டிமீட்டர்.
பொடி எழுத்துகூடத் தெரிந்தது.

தேறிவிட்டது.
காய்ச்சல் விட்டவனுக்கும்
கணக்கில் பாஸான பிள்ளைக்கும் சொல்கிற அதே சொல்.

குடிக்க இன்னும் ஒரு வருஷம் ஆகும் என்றார் ஸ்கடமோர்.
குடுவையில் தேதி எழுதினேன்.
தொடாதே என்று அதன்கீழ் எழுதினான் ரோட்ரி.
ருசிக்கு எனக்கு ஒரு ஸ்பூன்.
பிறகு, நியாயமாக, அவனுக்கு ஒன்று.
ஆகஸ்டுக்குள் ஒரு சாண் குறைந்திருந்தது.
பழியைக் குளவிகள்மேல் போட்டோம்.